பியாட்சா நவோனாவுக்குக் கீழே புதைந்திருக்கும் டொமிஷியனின் விளையாட்டரங்கம்: முழுவதையும் தோண்டிப் பார்க்கக் கூடாதா?

தொடுவானம் எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் ரோம் நகரில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். பியாட்சா நவோனா என்ற சதுக்கத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சதுக்கம் என்று சொல்கிறோமே ஒழிய, அது தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒரு திடல். தெற்குப் பக்கம் நேராக முடிகிறது; வடக்குப் பக்கத்தில் மட்டும் வீடுகளின் வரிசை அரைவட்டமாக வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குப் பின்புறம் டோர் சாங்குய்ன்யா என்ற சிறு சந்தி இருக்கிறது. அங்கே நடைபாதையோரக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், சாலை மட்டத்துக்குக் கீழே கல்லால் கட்டிய பெரிய வாயில் வளைவு ஒன்று தெரிகிறது. அதன் தலைக்கு மேலேயே இருபதாம் நூற்றாண்டுக் கட்டிடம் ஒன்று அமர்ந்திருக்கிறது.

டொமிஷியன் பேரரசர் கட்டிய விளையாட்டரங்கத்தின் வடகோடி அது என்று பிறகுதான் தெரிந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். ஏறத்தாழ நாலரை மீட்டர் ஆழத்தில் தூண்களும் செங்கற்சுவர்களும் படிக்கட்டின் அடிப்பகுதியும் நிற்கின்றன. அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம். மேலே வந்ததிலிருந்து ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. இவ்வளவு பெரிய அரங்கத்தின் ஒரு மூலையை மட்டும் தோண்டிக் காட்டிவிட்டு, மற்றதையெல்லாம் ஏன் மண்ணுக்குள்ளேயே விட்டு வைத்திருக்கிறார்கள்? கொலோசியத்தைப் போல முழுவதையும் வெளியே கொண்டுவர முடியாதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மண்ணடுக்கு எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. விடை சொல்வதற்கு முன்னால், கீழே இருப்பது எப்படிப்பட்ட கட்டிடம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ரோமில் கி.பி. 80-இல் ஏற்பட்ட தீ விபத்தில் மார்சியத் திடல் என்ற பகுதியின் பெரும்பங்கு எரிந்து போயிற்று. அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்த டொமிஷியன் அங்கே ஏராளமான கட்டிடப் பணிகளைச் செய்தார். அவற்றுள் ஒன்று இந்த அரங்கம். கி.பி. 86-இல் அவர் ரோமானியரின் தலைமைக் கடவுளான கபிட்டோலிய யூப்பிட்டருக்கு நேர்ந்து, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் போட்டி விழா ஒன்றைத் தொடங்கினார். கிரேக்க முறையிலான ஓட்டம், மல்யுத்தம், குத்துச்சண்டை போன்றவற்றுக்கு ரோமில் அதற்கு முன் நிலையான அரங்கம் இருந்ததில்லை. சீசரும் அகஸ்டஸும் இதே திடலில் அமைத்தவை தற்காலிகமானவை.

நீளம் ஏறத்தாழ 275 மீட்டர், அகலம் ஏறத்தாழ 106 மீட்டர். லாடத்தை நீட்டி இழுத்தாற்போன்ற வடிவம். பலரும் இதைத் தேரோட்டக் களம் என்று எண்ணிவிடுகிறார்கள். இடைக்காலத்து மக்களும் அப்படியேதான் எண்ணினார்கள். எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாத்திரிகர் வழிகாட்டி ஒன்று இதை ‘ஃபிளமீனியத் தேர்க்களம்’ என்றே தவறாகக் குறிக்கிறது. தேர்க்களத்தில் நடுவே நீண்ட தடுப்புச் சுவர் இருக்கும். ஒரு முனையில் தேர்கள் புறப்படும் கூண்டறைகள் இருக்கும். இங்கே அவை இரண்டுமே இல்லை. இது கால்களால் ஓடுகிறவர்களுக்கான களம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மாலை முழுவதும் உட்கார்ந்திருந்த சதுக்கம்தான் ஓடுகளம். அதைச் சுற்றி நிற்கும் வீடுகளும் மாளிகைகளும் தேவாலயங்களும் நிற்கும் இடம்தான் பார்வையாளர் இருக்கைகள். சதுக்கத்தின் தரையைப் பெயர்த்து நாலைந்து மீட்டர் தோண்டினால், நமக்குக் கிடைக்கப்போவது அகலமான ஒரு மண்தரை. இருக்கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் சாந்த் அக்னேசே தேவாலயத்தையும் பம்ஃபீலி மாளிகையையும் இன்னும் பல பழைய வீடுகளையும் இடிக்க வேண்டும். அப்படி இடித்தாலும் இருக்கைகள் கிடைக்கமாட்டா. இருக்கைகளைத் தாங்கிய கீழ்ப்பகுதிதான் கிடைக்கும். மேல்வரிசைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கழற்றப்பட்டு வேறு கட்டிடங்களுக்குள் போய்விட்டன.


கட்டுமானி எழுதியது:

நான் தொல்லியல் படித்தவனில்லை. முப்பது ஆண்டுகளாகக் கட்டிடப் பொறியாளனாக இருப்பவன். இந்த அரங்கத்தின் கீழ்த்தளத்தை நானும் பார்த்திருக்கிறேன். என் துறைப் பார்வையில் தோன்றியதைச் சொல்கிறேன்.

சமவெளியில் இருக்கை வரிசைகளை உயர்த்த வேண்டுமென்றால் அவற்றுக்கு அடியில் ஏதாவது தாங்க வேண்டும். ரோமானியர்கள் களத்தை நோக்கிச் செல்லும் சுவர்களை அடுத்தடுத்து எழுப்பி, இரண்டிரண்டு சுவர்களுக்கு இடையே சாய்வான கவிகூரை போட்டு, அதன்மேல் இருக்கைகளை அமைத்தார்கள். வெளிவிளிம்பில் டிராவெர்டைன் என்னும் கெட்டியான சுண்ணாம்புக்கல்லால் ஆன தூண்களும் வளைவுகளும் நின்றன. உள்ளே இருந்தவை செங்கல் முகப்பிட்ட காரைச்சுவர்கள். அந்தக் காரையில் சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பல் கலந்திருக்கும்; நனைந்தாலும் இளகாது.

கீழே இருந்தபோது ஒரு சுவரின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். செங்கற்கள் நம் ஊர்ச் செங்கல்லைவிட மிகவும் மெல்லியவை. பலகை போல நீண்டவை. வரிசை பிசகாமல், காரைப் பூச்சு ஒரே கனத்தில், கோடு போட்டாற்போலப் போகிறது. முகப்பு உடைந்திருக்கும் இடத்தில் உள்ளே கல்லும் காரையும் கலந்த கூழாங்கட்டி தெரிகிறது. முகப்புச் செங்கல் அங்கே மேற்பூச்சாக ஒட்டப்படவில்லை. உள்ளிருக்கும் காரையோடு சேர்ந்து இறுகி ஒரே உடலாகிவிட்டது. அதனால்தான் அதன்மேல் பலரும் தைரியமாக வீடு கட்டியிருக்கிறார்கள்.

வீடு கட்ட வந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆற்றுப்படுகையில் மனை வாங்கியிருக்கிறான். கடைக்கால் எடுக்க வேண்டுமென்றால் ஈர மண்ணில் ஆழமாகத் தோண்டியாக வேண்டும். ஆனால் அவன் மனையில் ஏற்கெனவே இரண்டு பக்கமும் அசையாத சுவர்கள் நிற்கின்றன. மேலே கவிகூரையும் இருக்கிறது. கடைக்கால் செலவே இல்லை. இரண்டு ரோமானியச் சுவர்களுக்கு இடைப்பட்ட அறை அவனுக்கு நிலவறையாகவோ கடையாகவோ ஆகிறது. அதே சுவரின்மேல் மேல்மாடிச் சுவர் எழுகிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதுவே பொதுச்சுவராகிறது. இப்படி ஒவ்வொரு வீடாகச் சேர்ந்து அரங்கத்தின் வடிவத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டன. வடகோடியில் நீங்கள் பார்த்த அந்த வீட்டு வளைவு கீழே இருக்கும் சுவர்களின் வளைவேதான்.

ஆகவே, வீடுகளை அகற்றிவிட்டு அரங்கத்தைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. அந்த வீடுகள் ஏறி அமர்ந்திராவிட்டால், மற்ற எத்தனையோ கட்டிடங்களுக்கு நேர்ந்ததைப் போல இதன் கற்களையும் கடைசிச் சல்லிவரை பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டிருப்பார்கள். யாரோ ஒருவரின் நிலவறையாக இருந்த காரணத்தால்தான் அந்தச் சுவர் தப்பித்தது.


பழஞ்சுவர் எழுதியது:

கட்டுமானி ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த அரங்கத்தைப் பற்றி நாம் இவ்வளவு நம்பிக்கையோடு பேசுவதே தோண்டிப் பார்த்ததால்தான். 1930-களில் சதுக்கத்துக்குக் கிழக்கே கோர்சோ டெல் ரினாஷிமென்டோ என்ற அகலமான சாலையைப் போடுவதற்காகப் பழைய வீடுகளை இடித்தார்கள். வடகோடியிலும் வீடுகளை இடித்துப் புதிய கட்டிடம் எழுப்பினார்கள். 1936 முதல் 1938 வரை நடந்த அந்தப் பணிகளின்போதுதான் நீங்கள் எட்டிப் பார்த்த வாயிலும் அதைச் சுற்றியுள்ள சுவர்களும் வெளிப்பட்டன. அந்தோனியோ மரியா கொலினி என்ற தொல்லியலாளர் எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, 1943-இல் நூலாக வெளியிட்டார். அரங்கத்தின் அளவு, வாயில்கள் இருந்த இடம், இருக்கைகள் இரண்டு அடுக்காக அமைந்திருந்தன என்பது, முகப்பின் கீழ்த்தளத்தில் கிரேக்கக் கட்டிடப் பாணிகளான அயோனிய முறைத் தூண்களும் மேல்தளத்தில் கொரிந்திய முறைத் தூண்களும் இருந்தன என்பது ஆகிய அனைத்துக்கும் அந்தப் பணிதான் அடிப்படை. அதற்கு முன்பு அறிஞர்களுக்குக் கிடைத்திருந்தவை வீடுகளின் வரிசை காட்டிய வடிவமும், நிலவறைகளில் அங்கங்கே தென்பட்ட துண்டுகளும், பழைய நூல்களின் வரிகளும்தாம்.

வீடுகள் காப்பாற்றின என்பது உண்மை. வீடுகள் மறைத்தன என்பதும் உண்மை. பாதுகாப்பு என்ற பெயரில் எதையுமே தொடாமல் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கட்டிடம் மிஞ்சும், அறிவு மிஞ்சாது.


மண்ணடுக்கு எழுதியது:

பழஞ்சுவர் நண்பரின் வாதத்தில் வலு இருக்கிறது. கொலினியின் பணியைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. அதே வேளையில் அந்தப் பணி எந்தச் சூழலில் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முசோலினியின் ஆட்சி பழைய ரோமை வெளிக்கொண்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிந்தைய ஆயிரம் ஆண்டு ரோமைப் பல இடங்களில் இடித்துத் தள்ளியது. கொலோசியத்துக்கும் வெனிசியா சதுக்கத்துக்கும் இடையே அகலச் சாலை போட்டபோது ஒரு குடியிருப்புப் பகுதியே இல்லாமல் போயிற்று. அங்கே வாழ்ந்தவர்கள் நகரத்தின் விளிம்புக்கு அனுப்பப்பட்டார்கள். அகழாய்வு என்பது அந்த இடிப்பின் பின்னால் ஓடிக்கொண்டே செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. சாலை திறக்க வேண்டிய நாள் முன்பே குறிக்கப்பட்டுவிட்ட நிலையில், அகழ்கிறவனுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு இருக்கும்?

அவசரத்தில் முதலில் அழிவது மேலடுக்குகள்தாம். அரங்கம் எப்போது கைவிடப்பட்டது, முதல் குடும்பம் எந்த வளைவுக்குள் குடியேறியது, அங்கே அடுப்பு எரிந்ததா, பட்டறை நடந்ததா என்பதற்கெல்லாம் சான்று, ரோமானியத் தரைக்கும் இன்றைய தரைக்கும் இடையில் கிடக்கும் அந்த நாலரை மீட்டர் மண்ணில்தான் இருக்கிறது. ‘ரோமானியத் தரை வரைக்கும் வாரி எறி’ என்ற மனநிலையில் தோண்டினால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்தைப் படிப்பதாகிவிடும்.


ஆற்றுப்படுகை எழுதியது:

அந்த நாலரை மீட்டர் மண் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்சியத் திடல் டைபர் ஆற்றின் வளைவுக்குள் இருக்கும் தாழ்நிலம். வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டல் படியும். அதோடு வீடு இடிந்தால் அந்தச் செங்கல்லையும் மண்ணையும் யாரும் வெளியே கொண்டுபோவதில்லை. அதன் மேலேயே நிரவிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். 1598 டிசம்பரில் வந்த வெள்ளம்தான் ரோமின் வரலாற்றில் பதிவான மிக உயர்ந்தது. 1870 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்றின் இரு கரைகளிலும் உயரமான மதில்கள் எழுப்பப்பட்டன. அதுவரை பல நூற்றாண்டுகளாகத் தரை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சதுக்கம் முழுவதையும் தோண்டித் திறந்து வைப்பதாக இருந்தால், மழைநீரும் நிலத்தடி நீரும் சேரும் ஒரு பெரிய தொட்டியை நகரின் நடுவே உண்டாக்கியவர்களாவோம். நாள்தோறும் நீரை இறைத்தாக வேண்டும். அந்த ஈரம் ஏறி இறங்குவதைச் சுற்றியுள்ள வீடுகளின் சுவர்கள் எப்படித் தாங்கும் என்பதைக் கட்டுமானி ஐயாவே சொல்லட்டும்.


கட்டுமானி எழுதியது:

தாங்காது. மண் பக்கவாட்டில் கொடுக்கும் அழுத்தத்துக்குப் பழகிப்போன சுவரின் ஒரு பக்கத்து மண்ணை எடுத்துவிட்டால், மறுபக்கத்து மண் தள்ளும். ஒவ்வொரு சுவருக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டே பிறகு நிரந்தரமாகிவிடும். பார்க்க வந்தவர்கள் அரங்கத்தை விட்டுவிட்டு இரும்பு உத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.


இலத்தீன் மாணவி எழுதியது:

மூத்தவர்களின் உரையாடலை மூன்று நாட்களாகப் படித்து வருகிறேன். மண்ணுக்குள் கிடைக்காத ஒரு பக்கம் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் இருக்கிறது என்பதால் நானும் எழுதலாம் என்று துணிந்தேன்.

ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் இந்தப் போட்டி விழாவை நேரில் பார்த்தவரைப் போல விவரிக்கிறார். இசை, குதிரை, உடற்பயிற்சி என மூன்று பிரிவுகள். அரங்கத்தில் இளம்பெண்கள்கூட ஓட்டப் பந்தயத்தில் ஓடினார்கள். டொமிஷியன் கிரேக்க முறையிலான செந்நீல மேலாடையும் காலணியும் அணிந்து, யூப்பிட்டர், ஜூனோ, மினெர்வா ஆகிய மூவரின் உருவங்கள் பொறித்த பொன்முடியோடு தலைமை தாங்கினார். கி.பி. 217-இல் மின்னல் தாக்கிக் கொலோசியம் எரிந்தபோது, வாள்வீரர் சண்டைகள் பல ஆண்டுகள் இந்த விளையாட்டரங்கத்தில்தான் நடந்தன என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். கி.பி. 357-இல் ரோமுக்கு வந்த இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் பேரரசர் வியந்து பார்த்த கட்டிடங்களின் பட்டியலில் அம்மியானுஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்த அரங்கத்தையும் சேர்த்திருக்கிறார். அப்படியானால் கட்டி முடித்து இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்தும் அது பெருமையோடு நின்றிருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான சான்று ஒரு சிறுவனின் கல்லறை. 1871-இல் ரோம் நகர மதிலின் சலாரியா வாயிலை இடித்தபோது அதன் கோபுரத்துக்குள் அடைபட்டிருந்த ஒரு பளிங்கு நினைவுக்கல் கிடைத்தது. குவின்டுஸ் சுல்பிசியுஸ் மாக்சிமுஸ் என்பது அவன் பெயர். கி.பி. 94-இல் நடந்த மூன்றாம் போட்டி விழாவில், கிரேக்கக் கவிதைப் பிரிவில் ஐம்பத்திரண்டு புலவர்களோடு அவன் போட்டியிட்டான். தன் தேரை மகன் பாயேத்தோனிடம் கொடுத்த கதிரவனை, கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஜூஸ் எந்தச் சொற்களால் கடிந்துகொள்வார் என்பது கொடுக்கப்பட்ட பொருள். அவன் அங்கேயே பாடிய வரிகள் அந்தக் கல்லில் முழுமையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவன் வாழ்ந்தது பதினோரு ஆண்டுகள், ஐந்து மாதங்கள், பன்னிரண்டு நாட்கள். இரவும் பகலும் கலைத்தெய்வங்களையே நினைத்திருந்ததால் உடல் நலிந்து நோயில் இறந்தான் என்று கல் சொல்கிறது. நடுவில் அவன் உருவம், கையில் விரித்த ஏட்டுச்சுருளோடு நிற்கிறது. எழுத்துகள் இடம் போதாமல் அவன் உருவத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. பெற்றோர் ஒரு வரியைக்கூட விட மனமில்லாமல் பொறித்திருக்கிறார்கள்.

கவிதைப் போட்டி நடந்தது அரங்கத்துக்குத் தெற்கே இருந்த ஓடியம் என்ற இசையரங்கில் இருக்க வேண்டும், ஓட்டக்களத்தில் இல்லை. அந்த ஓடியத்தின் வளைவையும் மாசிமோ மாளிகையின் முகப்பு இன்றுவரை பின்பற்றி வளைந்திருக்கிறது. விழா ஒன்றே என்பதால் அவனை இந்த இழையிலிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. பழைய நகரப் பட்டியல் ஒன்று இந்த அரங்கத்தில் 30,088 இடங்கள் இருந்ததாகச் சொல்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை அமர்ந்திருக்கலாம் என்கிறார்கள். பட்டியல் ஆட்களைக் கணக்கிட்டதா, இருக்கை நீளத்தை அடிக்கணக்கில் சொன்னதா என்பதில்தான் வேறுபாடு.


மண்ணடுக்கு எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள், மகளே. அந்தச் சிறுவனின் கல் கோட்டைவாயிலுக்குள் அடைபட்டுத் தப்பியதும், அரங்கத்தின் சுவர்கள் வீடுகளுக்குள் அடைபட்டுத் தப்பியதும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பிற்காலத்தவர் தங்கள் தேவைக்காக எடுத்துக்கொண்டதால்தான் இரண்டும் நம் கைக்கு வந்தன.


தொடுவானம் எழுதியது:

ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வகுப்பே நடந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. இரண்டு சிறிய ஐயங்கள். நவோனா என்ற பெயருக்கும் கப்பலுக்கும் தொடர்பு உண்டு என்று அங்கே ஒருவர் சொன்னாரே, அது சரியா? சதுக்கத்தின் நடுவே நிற்கும் கல்தூபி அரங்கத்தோடு சேர்ந்ததா?


பழஞ்சுவர் எழுதியது:

கப்பல் கதை பிற்காலத்தது. 1652 முதல் 1866 வரை ஆகஸ்ட் மாதத்தில் சதுக்கத்தில் நீரைத் தேக்கி ஏரி போலாக்கி விளையாடும் வழக்கம் இருந்ததால் அந்தக் கதை ஒட்டிக்கொண்டது. உண்மையான மூலம் போட்டி என்ற பொருளுடைய ‘அகோன்’ என்ற கிரேக்கச் சொல். ‘இன் அகோனே’ என்று வழங்கியது நாவில் தேய்ந்து ‘நவோனா’ ஆயிற்று. தேவாலயத்தின் பெயரான சாந்த் அக்னேசே இன் அகோனேயில் பழைய வடிவம் அப்படியே இருக்கிறது. கிறித்தவ மரபின்படி புனித ஆக்னஸ் என்ற இளம்பெண்ணை இந்த அரங்கத்தின் வளைவுகளுக்குக் கீழே இருந்த விலைமகளிர் இல்லத்தில் நிறுத்தி இழிவுபடுத்தினார்கள். அந்த இடத்தில்தான் அவள் பெயரில் கோவில் எழுந்தது. 1652-இல் தொடங்கிய இன்றைய தேவாலயத்தின் நிலவறைக்குள் ரோமானியச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன.

கல்தூபி அரங்கத்தினுடையதன்று. ஆனால் அதன் கதை அரங்கத்தைவிட்டு வெகுதூரம் போவதுமில்லை. எகிப்தியக் கருங்கல்லில் டொமிஷியனுக்காகவே சித்திர எழுத்துகளைப் பொறித்து ரோமில் வேறோரிடத்தில் நிறுத்தினார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்சென்டியஸ் பேரரசர் அதை அப்பியன் சாலையோரம் தான் கட்டிய தேர்க்களத்துக்குக் கொண்டுபோனார். அங்கே விழுந்து உடைந்து கிடந்ததைப் பத்தாம் இன்னோசென்ட் போப்பின் ஆணைப்படி சிற்பி பெர்னினி எடுத்துவந்து 1651-இல் தம் நான்கு ஆறுகளின் நீரூற்றின்மேல் நிறுத்தினார். டொமிஷியனின் பெயர் பொறித்த கல் டொமிஷியனின் ஓடுகளத்துக்குள் வந்து நிற்கிறது. பெர்னினியின் காலத்தில் அந்த எழுத்துகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர் உலகில் எவருமில்லை. அதே நீரூற்றில் துடுப்பைப் பிடித்துச் சாய்ந்திருக்கும் உருவம் நம் கங்கை. அடுத்த முறை போனால் பாருங்கள்.


குன்றோரம் எழுதியது:

பல்கேரியாவில் சில காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஓர் ஒப்பீட்டைச் சேர்க்கிறேன். அந்நாட்டின் பிலோவ்டிவ் நகரம் பழைய ஃபிலிப்போபோலிஸ். அதன் முதன்மைக் கடைத்தெருவுக்குக் கீழே இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த விளையாட்டரங்கம் ஒன்று கிடக்கிறது. ஏறத்தாழ 240 மீட்டர் நீளம். ஜுமாயா பள்ளிவாசலுக்கு முன்னால் அதன் வடக்கு வளைவு திறந்து கிடக்கிறது. பளிங்கு இருக்கைகள் பதினான்கு வரிசை. விளிம்பில் சிங்கத்தின் பாதங்களைச் செதுக்கியிருப்பார்கள். தெருவில் போகிறவர்கள் படியிறங்கி அந்த இருக்கைகளில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். மீதி முழுவதும் கடைத்தெருவுக்கு அடியில். ஒரு துணிக்கடையின் கீழ்த்தளத்துக்குப் போனால் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கை வரிசைகளைப் பார்க்கலாம்.

ஒரு வேறுபாடு எனக்கு இந்த இழையைப் படித்த பிறகுதான் விளங்கிற்று. அங்கே அரங்கத்தை இரண்டு குன்றுகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் அமைத்தார்கள். இருக்கைகள் குன்றுச் சரிவின்மேல் சாய்ந்து கிடந்தன. ரோமைப் போல வளைவுகளும் அறைகளும் அங்கே அதிகம் தேவைப்படவில்லை. ஆகவே வீட்டுக்கு நிலவறையாகவோ கடைக்காலாகவோ பயன்படும் அமைப்பும் குறைவு. அதனால்தான் அங்கே அரங்கத்தின் வடிவத்தை வீடுகள் சுமந்து நிற்கவில்லை. ஓடுகளத்தின் நீளவாக்கில் போகும் தெரு மட்டும் அதைக் காட்டுகிறது. வளைவைத் தோண்டிக் காட்டியிராவிட்டால் அங்கே போகிறவனுக்குக் கீழே அரங்கம் இருப்பது தெரியவே தெரியாது. பழஞ்சுவர் ஐயாவின் கட்சி பிலோவ்டிவில் செல்லும். ரோமில் கட்டுமானி ஐயாவின் கட்சி செல்லும் என்பது என் எண்ணம்.


பழஞ்சுவர் எழுதியது:

குன்றோரம் நண்பர் சொன்ன வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஊருக்கு ஊர் கட்டிடம் தாங்கும் விதம் மாறும்போது, தோண்டும் விதமும் மாறத்தான் வேண்டும். நானும் தேவாலயத்தை இடிக்கச் சொல்லவில்லை. சதுக்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் இறங்கி, வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் இருக்கும் சுவர் எந்தக் காலத்தது என்று பார்த்து, ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றுவதும் அகழாய்வைப் போன்ற வேலைதான். ரோமிலுள்ள பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி இந்தச் சதுக்கத்திலேயே இருக்கிறது. அதன் கட்டிடத்து நிலவறையிலேயே அரங்கத்தின் பகுதிகள் உள்ளன. அவர்கள் அரங்கம் முதல் இன்றைய சதுக்கம் வரை ஒரே தொடர்ச்சியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு சுவரும் இடியாமல் எவ்வளவோ தெரிந்திருக்கிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்த வீட்டிலாவது குழாய் மாற்றவோ மின்தூக்கி அமைக்கவோ தரையைத் திறந்தால், மூடுவதற்கு முன் ஒரு தொல்லியலாளர் அதைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சிறு குழிதான் நமக்குக் கிடைக்கும் அகழ்குழி.


கட்டுமானி எழுதியது:

இதில் எனக்கு முழு உடன்பாடு. ஒரு மீட்டர் அகலக் குழிக்கு முட்டுக் கொடுப்பது எளிது; பார்த்து முடித்தவுடன் மண்ணை நிரப்பி இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டால் சுவருக்கும் கேடில்லை.


தொடுவானம் எழுதியது:

இரவு படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வடகோடியில் நின்று எடுத்த படம் ஒன்றில் வளைவான வீட்டு வரிசையின் தரைத்தளத்தில் ஓர் உணவகம் தெரிகிறது. அதன் இரு பக்கச் சுவர்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. முன்பக்கம் குறுகி, பின்பக்கம் விரிந்து, விசிறி மடிப்பைப் போலப் போகின்றன. அங்கே உட்கார்ந்து காப்பி குடித்தபோது கட்டியவருக்கு மூலைமட்டம் சரியாக அமையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கட்டுமானி ஐயா, அது இருக்கைகளைத் தாங்கிய சுவரின் திசைதானா?


கட்டுமானி எழுதியது:

படத்தை மட்டும் பார்த்து உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் வளைவான பகுதியில் அந்தச் சுவர்கள் அப்படித்தான் போக வேண்டும்: களத்தை நோக்கிக் குறுகியும் வெளியே விரிந்தும். அடுத்த முறை போகும்போது கையோடு அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உணவகக்காரரிடம் அனுமதி கேட்டு, முன்வாசலில் ஓர் அளவும் பின்சுவரில் ஓர் அளவும் எடுத்து இங்கே பதியுங்கள்.